புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்ததா?



நமக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார். அதில் இருப்பது உப்பு நீர். அடியில் வெண்மணல், நடுவே பாறைகள், பாறைகளின் மேல் உயிருள்ள பவளங்கள், அவற்றினிடையே இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், ஒரு மஞ்சள் டாம்செல், இரண்டு இறால்கள், சில நத்தைகள். மூன்று ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த சின்னஞ்சிறு கடல் அது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் நீல டாங் மீன் ஒன்றை வாங்கி வந்து அதே தொட்டியில் விட்டார். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் கேலிச்சித்திரப் படத்துக்குப் பிறகு இந்த மீனை அறியாத பிள்ளைகள் இல்லை. அவருடைய மகளுக்கு அன்று தலைகால் புரியாத மகிழ்ச்சி. நான்காம் நாள் காலையில் அந்தப் பிள்ளைதான் முதலில் பார்த்தாள். "அப்பா, மீன்மேல உப்பு ஒட்டியிருக்கு!" என்றாள். டாங் மீனின் உடலிலும் துடுப்புகளிலும் உப்புப் பரலைத் தூவியதுபோல் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள். மீன் அவ்வப்போது பாறையில் உடலை உரசிக்கொண்டிருந்தது.

நண்பர் பதறினார். ஆனால் எட்டாம் நாள் பார்த்தால் புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. "தானாகவே சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்தார். பதினேழாம் நாள் விடிந்தபோது ஐந்து மீன்களின் உடலிலும் நூற்றுக்கணக்கான புள்ளிகள். மறுநாள் டாங் மீன் மூச்சு வாங்கி இறந்தது. அதற்கடுத்த நாள் டாம்செல் மீனும் போயிற்று. அன்று மாலைதான் அவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார்.

இந்த நோய்க்கு வெண்புள்ளி நோய் என்று பெயர். இன்றைய பேச்சில், புள்ளி மறைவதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல என்பதையும், பவளத் தொட்டியில் இந்நோயை முறையாக ஒழிப்பது எப்படி என்பதையும் பார்ப்போம்.

முதலில் நோய்க்குக் காரணமான உயிரை அறிந்துகொள்வோம். அது ஓர் ஒட்டுண்ணி. ஒரே ஓர் உயிரணுவால் ஆனது. உடலெங்கும் மெல்லிய மயிரிழைகள் இருக்கும்; அவற்றை அசைத்து நீந்தும். அறிவியலார் 1951ஆம் ஆண்டில் இதற்குக் 'கிரிப்டோகேரியோன் இரிட்டான்ஸ்' என்று பெயரிட்டனர். வீட்டுத் தொட்டிகளை மட்டும் தாக்கும் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். நம் வட்டாரக் கடலோரங்களில் கூண்டுகளில் வளர்க்கப்படும் சியாக்காப், கெராப்பு மீன்களுக்கும் இது பெரும் பகைதான்.

இவ்வொட்டுண்ணியின் வாழ்க்கையில் நான்கு பருவங்கள் உண்டு. இந்த நான்கையும் மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும். மருத்துவ முறை முழுவதும் தானே விளங்கிவிடும்.

முதலாவது, உண்ணும் பருவம். ஒட்டுண்ணி மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே தின்று கொழுக்கிறது. செவுளிலும் இப்படியே புகுகிறது. நாம் காணும் வெள்ளைப் புள்ளி இதுதான். அப்போதும் அதன் அளவு அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. இந்தப் பருவம் 3 முதல் 7 நாள்வரை நீடிக்கும்.

இரண்டாவது, ஊரும் பருவம். வயிறு நிறைந்ததும் ஒட்டுண்ணி மீனைவிட்டுத் தானாகவே கழன்றுவிடுகிறது. சில மணி நேரம் மணலிலும் பாறையிலும் ஊர்ந்து ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

மூன்றாவது, உறைப் பருவம். ஒட்டிய இடத்தில் தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. உறைக்குள்ளே ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 200 குஞ்சுகள்வரை பெருகும். குறைந்தது 3 நாளாவது இதற்குத் தேவை. பெரும்பாலான உறைகள் 28 நாளுக்குள் வெடித்துவிடும். ஆயினும் எல்லாம் ஒரே நாளில் வெடிப்பதில்லை. 72 நாள்வரை காத்திருந்து வெடித்த உறைகளும் ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டுள்ளன.

நான்காவது, நீந்தும் பருவம். உறையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் மீனைத் தேடி நீந்துகின்றன. அவை வெளிவருவது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான். மீன்கள் பாறையை ஒட்டி அசையாமல் உறங்கும் நேரம் அது! ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் குஞ்சுகள் இறந்துபோகும். கிடைத்துவிட்டால், மீண்டும் முதற்பருவம் தொடங்கும்.

இப்போது நம் நண்பரின் தொட்டிக்குத் திரும்புவோம். எட்டாம் நாள் புள்ளிகள் மறைந்தன அல்லவா? ஒட்டுண்ணிகள் சாகவில்லை. தின்று முடித்துவிட்டு, பெருகுவதற்காக மணலுக்கு இறங்கிவிட்டன. அவர் மகிழ்ந்திருந்த அந்த நாள்களில்தான் உறைகளுக்குள்ளே பெருக்கம் நடந்துகொண்டிருந்தது. பத்துப் புள்ளிகள் பத்து உறைகளாயின என்று வைத்துக்கொள்வோம். உறைக்கு 200 வீதம் 2,000 குஞ்சுகள். அவற்றில் பத்தில் ஒன்று மீனைப் பிடித்தாலும் 200 புள்ளிகள் ஆகிவிடும். அடுத்த சுற்றில் கணக்கு என்னவாகும் என்பதை நேயர்களே போட்டுப் பார்க்கலாம்.

"கடலில் உள்ள மீன்கள் இதே நோயால் கூண்டோடு மடிவதில்லையே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கடலில் ஒட்டுண்ணி கழன்று விழுந்த இடத்திலிருந்து மீன் எவ்வளவோ தூரம் போய்விடுகிறது. குஞ்சுகள் வெளிவரும்போது அருகில் மீன் இருப்பது அரிது. பெரும்பாலானவை பட்டினியால் சாகின்றன. கண்ணாடித் தொட்டியிலோ மீன் ஒவ்வோர் இரவும் அதே பாறையடியில்தான் உறங்க வேண்டும். அதற்குத் தப்பிச் செல்ல இடம் ஏது? நோயைப் பேய்போல் பெருக்குவது நாம் கட்டிய அந்த நான்கு கண்ணாடிச் சுவர்களே.

இனி மருந்துக்கு வருவோம். இவ்வொட்டுண்ணியைக் கொல்லக்கூடிய பழைய மருந்து செம்பு. செம்புக் கரைசல் எல்லா மீன் கடைகளிலும் கிடைக்கும். "வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டால் போயிற்று" என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நமக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. பல ஆண்டுகளுக்கு முன் நம் முதல் பவளத் தொட்டியில் நாமே அதைச் செய்தோம். மறுநாள் காலையில் இறால்கள் மல்லாந்து கிடந்தன. நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்தன. ஒரு வாரத்துக்குள் பவளங்கள் சதை உருகி வெறும் வெள்ளை எலும்பாக நின்றன. ஒட்டுண்ணி மட்டும் சாகவில்லை.

ஏன் அப்படி? செம்பு, முதுகெலும்பில்லாத உயிர்களுக்குக் கடும் நஞ்சு. பவளம், இறால், நண்டு, நத்தை ஆகிய எல்லாமே முதுகெலும்பில்லாதவை. அதே வேளையில், சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் நீரில் மருந்தின் அளவு நிலையாக நிற்பதில்லை. நாம் காக்க நினைத்தவை செத்தன. கொல்ல நினைத்தது பிழைத்தது.

இன்னொன்றும் உண்டு. மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியைச் செம்பு தொடாது. உறைக்குள் இருப்பதையும் தொடாது. நீந்தும் பருவத்துக் குஞ்சுகளை மட்டுமே அது கொல்லும். அதனால்தான் செம்பு மருத்துவம் ஓரிரு நாளில் முடிவதில்லை. வாரக்கணக்கில் தொடர வேண்டியிருக்கிறது.

வேறு சில கைவைத்தியங்களையும் நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். உணவில் பூண்டுச் சாறு கலந்து கொடுத்தால் நோய் தீரும் என்பார்கள். அதை நம்பி இருக்க முடியாது. மீனை நன்னீரில் முக்கி எடுக்கச் சொல்வார்கள்; ஒட்டுண்ணி தோலுக்கடியில் பதுங்கியிருப்பதால் அதற்குப் பெரிதாக ஒன்றும் நேராது. துப்புரவு இறால் புள்ளிகளைத் தின்றுவிடும் என்பார்கள். அதுவும் வெறும் நம்பிக்கையே. நீரின் வெப்பத்தைக் கூட்டினால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்று விரைவுபடுமே தவிர, ஒட்டுண்ணி ஒழியாது. புற ஊதாக் கதிர் விளக்கு நீரோடு வரும் குஞ்சுகளைக் கொல்லும். மணலிலிருந்து எழுந்து நேரே மீனிடம் போகும் குஞ்சுகளை அதனால் தடுக்க முடியாது. இவற்றில் எதைச் செய்தாலும் சில நாளில் புள்ளி மறையத்தான் செய்யும். ஒன்றுமே செய்யாவிட்டாலும் மறையும் என்பதை நாம் முன்பே பார்த்தோம். கைவைத்தியங்கள் பெயர் வாங்கிக்கொள்வது இந்த மறைவால்தான்.

அப்படியானால் வழி என்ன? வழி ஒன்றே. மீனையும் தொட்டியையும் பிரித்துவிட வேண்டும். மீனுக்கு வெளியே மருத்துவம். தொட்டிக்கு மீனில்லாத காத்திருப்பு. ஒட்டுண்ணி மீனில்லாமல் வாழ முடியாது. பவளமோ இறாலோ நத்தையோ அதற்கு உணவாவதில்லை. ஆகவே பவளத் தொட்டியில் மருந்து ஒரு சொட்டும் ஊற்றாமல், எல்லா மீன்களையும் வெளியேற்றி, 76 நாள் வெறுமனே விட்டுவிட்டால், கடைசி உறையும் வெடித்து, கடைசிக் குஞ்சும் பட்டினியால் இறந்துவிடும். ஆய்வில் கண்ட 72 நாளோடு நான்கு நாள் கூட்டிக்கொண்ட கணக்கு இது. 'எல்லா மீன்களையும்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். புள்ளியே இல்லாத மீனின் செவுளிலும் ஒட்டுண்ணி இருக்கலாம். ஒரு மீனை விட்டுவைத்தாலும் முயற்சி முழுவதும் வீண்.

வெளியேற்றிய மீன்களுக்கு என்ன மருத்துவம்? நம் நண்பரின் வீட்டில் எஞ்சியிருந்த மூன்று மீன்களுக்கும் மருந்தே இல்லாத முறை ஒன்றைக் கையாண்டோம். 'தொட்டி மாற்று முறை' என்று அதைச் சொல்லலாம். அதன் தத்துவம் எளிது. மீனைவிட்டுக் கழன்ற ஒட்டுண்ணி மீண்டும் குஞ்சாக வெளிவரக் குறைந்தது 3 நாள் வேண்டும். அதற்குள் மீனை வேறொரு தூய தொட்டிக்கு மாற்றிவிட்டால், உறைகள் பழைய தொட்டியிலேயே தங்கிவிடும். மீன் முன்னே போய்விடும்.

இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றிலும் 40 லிட்டர் நீர். குளோரின் நீக்கிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்பு கலந்து, உப்பளவும் வெப்பமும் பவளத் தொட்டிக்கு ஒத்திருக்கிறதா என்று அளந்து பார்த்தோம். உள்ளே ஒரு காற்றுக் குழாய், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான். மணலும் கல்லும் கூடா. முதல் நாள் காலையில் மீன்கள் முதல் தொட்டிக்குச் சென்றன. நான்காம் நாள் காலை இரண்டாவது தொட்டிக்கு. காலியான முதல் தொட்டியையும் அதிலிருந்த குழாய்களையும் நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்தினோம். ஈரம் முற்றும் காய்ந்தால் உறைகள் பிழைப்பதில்லை. ஏழாம் நாள் மீண்டும் முதல் தொட்டி; பத்தாம் நாள் இரண்டாவது தொட்டி; பதின்மூன்றாம் நாள் தங்கும் தொட்டி. நான்கு முறை நீர் நிரப்பச் செலவானது ஏறத்தாழ 5.6 கிலோ உப்பு.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 'இன்று வேலை அதிகம், நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்றால் உறை காத்திருக்காது. மீனோடு பழைய நீரைக் கொண்டுபோகக் கூடாது. ஓட்டைக் கூடையில் மீனை ஏந்தி, நீரை வடியவிட்டு உடனே விட வேண்டும். வலை, குவளை, காற்றுக் குழாய் எதுவும் ஈரத்தோடு ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாகாது. நம் கைக்கும் இதே விதிதான்.

மீன்கள் மிகுதியாக இருந்தால் இந்த மாற்று முறை தொல்லையாகும். அப்போது பவளமும் பாறையும் இல்லாத தனித்தொட்டியில் செம்பைப் பயன்படுத்தலாம். சாதாரணச் செம்புக் கரைசலாயின் நீரில் பத்து இலட்சத்தில் 0.15 முதல் 0.20 பங்குவரை செம்பு இருக்க வேண்டும்; அதை நாள்தோறும் அளந்து பார்க்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. வேறு வகைச் செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு. புட்டியில் அச்சிட்டுள்ளதைப் படித்தே கொடுக்க வேண்டும். மூன்று முதல் நான்கு வாரம் இது தொடர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உப்புப் பரல்போல் அல்லாமல் மெல்லிய பொன்தூள் தூவியதுபோல் மீன்மேல் தெரிந்தால், மீன் வெளிச்சத்தைக் கண்டு ஒளிந்து விரைவாக மூச்சு வாங்கினால், அது வெண்புள்ளி நோய் அன்று. 'அமிலூடினியம்' என்னும் வேறோர் ஒட்டுண்ணி. அது ஓரிரு நாளிலேயே மீனைக் கொன்றுவிடக் கூடியது. தொட்டி மாற்று முறையை மட்டும் நம்பி அதற்குக் காத்திருக்கக் கூடாது. தாமதிக்காமல் தனித்தொட்டியில் செம்பு மருத்துவத்தைத் தொடங்க வேண்டும். மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவர் அருகில் இருந்தால் அவரிடம் காட்டுவது நல்லது.

நண்பர் வீட்டில் பதின்மூன்று நாளில் மீன்களுக்கு மருத்துவம் முடிந்தது. ஆயினும் பவளத் தொட்டிக்குத் திரும்ப இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. உண்மையைச் சொன்னால், கடினமான பகுதி இதுதான். கூடத்தில் அழகிய தொட்டி விளக்கொளியில் மின்னுகிறது. உள்ளே மீன் ஒன்றுகூட இல்லை. மீன்களோ சமையற்கட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் குழாய்க்குள் ஒளிந்திருக்கின்றன. முப்பதாம் நாள் நண்பர் கேட்டார்: "மீன்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? திருப்பி விட்டுவிடலாமா?" நாற்பத்தைந்தாம் நாளும் கேட்டார். வேண்டாம் என்றோம். மீன்கள் நன்றாயிருப்பது உண்மை. தொட்டி நன்றாயிற்றா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாள்காட்டியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அவருடைய மகள் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவைவிடப் பிள்ளைக்குப் பொறுமை அதிகம்.

எழுபத்தாறு நாள் முடிந்து மூன்று மீன்களும் திரும்பிச் சென்றன. ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. இதுவரை ஒரு புள்ளியும் இல்லை.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பார்கள். இவ்வளவு பாடும் படாமலிருக்க வழி உண்டு. புதிய மீனை வாங்கி வந்ததும் நேரே பவளத் தொட்டியில் விடாமல், அதே பதின்மூன்று நாள் தொட்டி மாற்றத்தை முதலிலேயே செய்துவிட்டு, பின்னும் சில வாரம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். புதிய பவளமும் நத்தையும்கூட மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்தால், அவற்றின் ஓட்டிலும் அடிக்கல்லிலும் உறைகள் ஒட்டியிருக்கலாம். அவற்றையும் மீனில்லாத தனித்தொட்டியில் 76 நாள் வைத்தபிறகே சேர்க்க வேண்டும்.

நேயர்களே, நீல டாங் மீனை ஆய்வுக்கூடத்தில் முட்டையிலிருந்து வளர்த்தெடுப்பது 2016ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகக் கைகூடியது. கடைகளுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இன்றும் கடற்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவையே. அந்த மீன் நம் தொட்டியில் இறந்தால், ஒரு பொருள் பழுதாகிவிட்டது என்று இன்னொன்று வாங்கி வைப்பது முறையாகாது. பரந்த கடலில் தப்பிப் பிழைக்கத் தெரிந்த உயிரை, தப்ப முடியாத இடத்துக்கு நாம்தான் கொண்டுவந்தோம். அதற்குரிய பொறுப்பும் நம்முடையதே.

நண்பரின் மகள் இப்போது மீண்டும் நீல டாங் கேட்கிறாள். வாங்கித் தரலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் சமையற்கட்டின் ஓரத்தில் அந்த இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகளும் கழுவி, உலர்த்தி, முன்கூட்டியே எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன.